குழந்தை பிறந்த வீட்டுக்கு என்ன கிஃப்ட் கொண்டு போறது? "பரிசு வேண்டாம்"னு போட்டிருந்தா நிஜமாவே வெறுங்கையோட போலாமா?

மழைத்துளி:

வணக்கம் எல்லாருக்கும். இதுவரைக்கும் சும்மா படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இப்ப ஒரு குழப்பத்துல மாட்டிக்கிட்டதால கேக்கறேன், இதெல்லாம் ஒரு விஷயமானு சிரிக்காதீங்க.

ஒரே சமயத்துல மூணு பக்கமும் குழந்தை விஷயம் வந்து நிக்குது. ஆபீஸ்ல என் டீம்லயே இருக்கற பொண்ணுக்கு பேபி ஷவர், அவங்களுக்கு இது ரெண்டாவது குழந்தை. இன்விடேஷன்ல "பரிசுகள் வேண்டாம், உங்கள் வருகையே போதும்"னு தெளிவா போட்டிருக்காங்க. ஆனா டீம்ல ஒருத்தர் ஆளுக்கு இவ்வளவுனு வசூல் ஆரம்பிச்சுட்டார், யார் குடுத்தாங்க யார் குடுக்கலனு குரூப்ல பேரோட லிஸ்ட் வேற போடறார்.

அடுத்தது என் நாத்தனார் பொண்ணுக்கு முதல் பிறந்தநாள். என் பையன் பிறந்தப்போ அவங்க ரொம்ப பெருசா செஞ்சாங்க, இப்ப அந்த அளவுக்கு திருப்பி செய்யற நிலைமையில நாங்க இல்ல, லோன் ஓடிட்டு இருக்கு. வீட்டுக்காரர் என்னடான்னா கவர்ல பணத்தை வெச்சுக் குடுத்துட்டு வந்துடலாம், எதுக்கு இவ்வளவு யோசிக்கறேன்னு கேக்கறார்.

கடைசியா சொல்றது தான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. கூடப் படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்திக்கு மாசம் ஆகறதுக்கு ரொம்ப முன்னாடியே குழந்தை பிறந்துடுச்சு, இன்னும் ஆஸ்பத்திரியில இன்குபேட்டர்ல தான் இருக்கு. வாழ்த்துனு சொல்றதா ஆறுதல் சொல்றதா, ஏதாவது அனுப்பலாமா, இல்ல இப்போதைக்கு சும்மா இருக்கறது தான் மரியாதையா, ஒண்ணும் புரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன்.


ரெட்டைவால்_அம்மா:

சிஸ், முதல்ல பொதுவா ஒண்ணு சொல்லிடறேன், பெத்தவங்க கிட்டயே "என்ன வேணும்"னு கேட்டுடுங்க. எனக்கு ட்வின்ஸ். பிறந்தப்போ வந்த கிஃப்ட்ல முக்கால்வாசி ட்ரெஸ், அதுலயும் எல்லாமே புதுசா பிறந்த குழந்தை சைஸ். பாக்க பொம்மைக்கு போடற சட்டை மாதிரி அவ்ளோ அழகா இருக்கும், ஆனா குழந்தை எப்படி வளரும்னு யாரும் யோசிக்கறதில்ல. அஞ்சு மாசம் வாக்குல பிறந்த எடை ரெண்டு மடங்காகும், ஒரு வயசுல மூணு மடங்கு. அந்த குட்டி சட்டை எல்லாம் சில வாரம் தான். பாதிக்கு மேல டேக் கூட பிரிக்காமலே சின்னதாயிடுச்சு.

அதனால ட்ரெஸ் தான் வாங்கணும்னு இருந்தா 6-12 மாசம் சைஸ் வாங்குங்க. வாங்கறப்போ அந்த வயசு வர்றப்போ என்ன சீசன்னு ஒரு நிமிஷம் கணக்கு போடுங்க, வெயில்ல கம்பளி ஸ்வெட்டர் சரியா பொருந்தி என்ன பிரயோஜனம். முன்பக்கம் பட்டனோ ஜிப்போ இருக்கணும். தலை வழியா இறுக்கி மாட்டற சட்டையை ராத்திரி ரெண்டு மணிக்கு அழற குழந்தைக்கு போட்டுப் பாத்தவங்களுக்கு தான் நான் ஏன் சொல்றேன்னு தெரியும். முதுகுல பெரிய ரிப்பன் முடிச்சு, கழுத்துல ஜரிகை, உறுத்தற லேஸ், இதெல்லாம் போட்டோவுக்கு மட்டும் தான், குழந்தை நாள்ல பெரும்பகுதி மல்லாக்க படுத்து தூங்கும்ங்கறதை டிசைன் பண்றவங்க மறந்துடறாங்க போல.

டயப்பர் குடுத்தா கேவலமா நினைப்பாங்கன்னு சிலர் தயங்கறாங்க, அட நீங்க வேற. ஆரம்ப வாரங்கள்ல நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஓடும், ட்வின்ஸ்னா கேக்கவே வேண்டாம். பிறந்த சைஸ்ல அடுக்காம ஒண்ணு ரெண்டு சைஸ் பெருசா குடுங்க, பிரிக்காத பாக்கெட்டா இருந்தா எப்பவாவது கை கொடுக்கும். ஆனா ஒண்ணு, அவங்க துணி டயப்பர் மட்டும் யூஸ் பண்றவங்களா, தோல் ஒத்துக்காத பிரச்சனை இருக்கானு கேட்டுட்டு வாங்குங்க. திருப்பியும் அங்கேயே வந்து நிக்கறேன் பாருங்க, கேளுங்க!


பழைய_பேப்பர்:

எனக்கு இதுல கொஞ்சம் மாத்துக் கருத்து இருக்கும்மா. என்ன வேணும்னு கேட்டு, அவங்க சொல்ற மாடலை வாங்கி, கையில குடுக்கறதுக்கு பேர் பரிசா? அது ஆர்டர் எடுத்து டெலிவரி பண்றது. நம்ம மனசுல அவங்களை நினைச்சு ஒண்ணைத் தேடி எடுத்துட்டுப் போறதுல தான் இருக்கு சந்தோஷம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுனு சொல்லித் தான் எங்களை வளத்தாங்க, இப்ப மாடு வர்றதுக்கு முன்னாடியே எத்தனை பல்லு வேணும்னு லிஸ்ட் அனுப்பறாங்க.

அப்புறம் "பரிசு வேண்டாம்"னு போடறது ஒரு மரியாதைக்கு. வந்தவங்க தர்மசங்கடப்படக் கூடாதேன்னு போடுவாங்க. அதுக்காக கையை வீசிட்டா போறது? சின்னதா ஏதாவது எடுத்துட்டுப் போங்க, யாரும் வாசல்ல நிறுத்தி திருப்பி அனுப்ப மாட்டாங்க.


புள்ளிவிவரம்:

@பழைய_பேப்பர் ஐயா, லிஸ்ட் போடறது ஒண்ணும் இந்தக் காலத்துப் பசங்க கண்டுபிடிச்சது இல்ல. 1920கள்லயே அமெரிக்காவுல பெரிய கடைகள் கல்யாண ஜோடிங்க என்ன வேணும்னு எழுதி வெக்கறதுக்கு வசதி பண்ணிக் குடுத்துட்டாங்க. ரெண்டு பேர் ஒரே மாதிரி தட்டு செட் வாங்கிடக் கூடாதுங்கறது தான் முக்கியமான காரணம்.

நீங்க சொன்ன "தேடி எடுக்கற சந்தோஷம்" இருக்கே, அது யாரோட சந்தோஷம்னு தான் கேள்வி. கலக், கிவி, வில்லியம்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 2016ல இதைப் பத்தி எழுதினாங்க. குடுக்கறவங்க மனசு பூரா அந்த பேப்பரைப் பிரிக்கற நிமிஷத்துல இருக்கும், வாங்கறவங்க அதுக்கப்புறம் அந்தப் பொருளோட எத்தனை மாசம் குடித்தனம் பண்ணப் போறோம்னு பாப்பாங்க. "ஐயோ எவ்ளோ அழகு"னு கத்தற ஒரு ராட்சச கரடி பொம்மை, பிரிக்கற நிமிஷத்துக்கு பெஸ்ட் கிஃப்ட். அடுத்த ரெண்டு வருஷம் அது சோபாவுல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு தூசி பிடிச்சு உக்காந்திருக்கும். வாங்கிக் குடுத்தவர் வர்றப்போ எங்க கரடி எங்கன்னு கேப்பாரேன்னு தூக்கிப் போடவும் முடியாது.

விலை பத்தி கவலைப்படற மழைத்துளிக்கு இன்னொண்ணு. ஃப்ளின், ஆடம்ஸ்னு ரெண்டு பேர் 2009ல நிச்சயதார்த்த மோதிரம் வரைக்கும் எடுத்து வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, விலை கூடினா வாங்கறவங்க அதிகமா சந்தோஷப்படுவாங்கனு குடுக்கறவங்க நம்பறாங்க, வாங்கறவங்க கிட்ட கேட்டா விலைக்கும் அவங்க சந்தோஷத்துக்கும் சம்பந்தமே தெரியல. இதை எங்க வீட்ல சொன்னப்போ "மோதிரத்துக்கும் அப்படியா, சரி சரி"னு ஒரு பார்வை கிடைச்சுது, அது தனிக் கதை.

பணமா பொருளானு கேட்டா, ஜோயல் வால்ட்ஃபோகல்ங்கற பொருளாதார நிபுணர் 1993ல யேல் பல்கலைக்கழக மாணவர்கள் கிட்ட கேட்டுப் பாத்தார். கிஃப்டா வந்த பொருளுக்கு வாங்கறவங்க மனசுல போடற மதிப்பு, கடையில குடுத்த விலையை விட பத்து சதவீதத்துல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறைஞ்சுது. குடுக்கறவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும் வயசு வித்தியாசம் கூடக் கூட இந்த நஷ்டமும் கூடுது. ஆனா ஒண்ணு, அவர் கேட்ட கேள்வியிலயே "பாசத்துக்கான மதிப்பைக் கழிச்சுட்டு சொல்லுங்க"னு இருந்துது. நாத்தனார் வீட்டு விஷயத்துல பாசத்தைக் கழிச்சுட்டா மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க.


பழைய_பேப்பர்:

தம்பி ஆராய்ச்சி எல்லாம் சரி. ஆனா எங்க வீட்ல பேரன் இன்னும் கட்டிப் பிடிச்சு தூங்கறது நான் யாரையும் கேக்காம வாங்கின யானை பொம்மை தான், அதை எந்த யேல்ல போய் அளப்பீங்க? 😊


நைட்_ஷிஃப்ட்:

யானை பொம்மைனு சொன்னதும் உள்ள வந்துட்டேன், மன்னிக்கணும். நான் பிரசவ வார்டுல வேலை பாக்கற நர்ஸ். பேரனுக்கு வயசு ஒண்ணு தாண்டியிருந்தா பிரச்சனை இல்லங்க ஐயா, ஆனா அதுக்கு முன்னாடி தொட்டில்ல, கட்டில்ல, குழந்தை தூங்கற இடத்துல பொம்மை, தலையணை, கனமான போர்வை, சுத்தி கட்டற மெத்தை பார்டர் எதுவுமே இருக்கக் கூடாது. மூச்சு அடைச்சுடும். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ல வெளியிட்டதுலயும் இதைத் தான் சொல்லியிருக்காங்க, மல்லாக்க, உறுதியான சமதளமான மெத்தையில, வேற எதுவும் இல்லாம படுக்க வைங்கனு. எடை போட்ட போர்வை, எடை போட்ட ஸ்லீப் சாக் (குழந்தைக்கு மாட்டி விடற போர்வைப் பை)னு புதுசா விக்கறாங்களே அதுவும் கூடாதுனு அதுலயே இருக்கு. கம்பி சுத்தி கட்டற அந்த பம்பர் மெத்தையை அமெரிக்காவுல அதே 2022ல சட்டம் போட்டே தடை பண்ணிட்டாங்க. ஆனா ஆன்லைன்ல "நியூபார்ன் கிஃப்ட் செட்"னு தேடினா தலையணையும் பம்பரும் பொம்மையும் சேத்து ரிப்பன் கட்டித் தான் வருது, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

நடைவண்டி, அதாவது குழந்தையை நடுவுல உக்கார வெச்சு சக்கரத்துல ஓடவிடறது, அதை முதல் பிறந்தநாளுக்குள்ள யாராவது ஒருத்தர் கண்டிப்பா குடுத்துடுவாங்க. கனடாவுல 2004லயே அதை விக்கவே கூடாதுனு நிறுத்திட்டாங்க. படியில உருண்டு தலையில அடி, கைக்கு எட்டக் கூடாத சூடான பாத்திரத்தை எட்டிப் பிடிக்கறது, இப்படி கேஸ் நிறைய. சீக்கிரம் நடக்க வைக்கும்னு சொல்றதும் உண்மை இல்ல. பல்லு முளைக்கறப்போ போடற அம்பர் (இறுகிப் போன மரப்பிசின்) மணி மாலை இருக்கே, அதுல ஒரு குழந்தை கழுத்து இறுகி இறந்ததுக்கு அப்புறம் 2018ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கையே குடுத்தாங்க. அதையும் விட்டுடுங்க.

முதல் பிறந்தநாளுக்கு பொம்மை வாங்கறீங்கன்னா மழைத்துளி, பாக்ஸ்ல "மூணு வயசுக்கு மேல்"னு இருந்தா "எங்க குழந்தை புத்திசாலி"னு வாங்காதீங்க, அது புத்தி அளவு இல்ல, தொண்டை அளவு. மூணு வயசுக்குள்ள உள்ள குழந்தைங்க பொம்மையில கழண்டு வர்ற துண்டு எதுவும் 31.7 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு குழாய்க்குள்ள முழுசா அடங்கக் கூடாதுனு சோதிப்பாங்க. வீட்ல அந்தக் குழாய் இருக்காது, காலியான டாய்லெட் பேப்பர் ரோல் கிட்டத்தட்ட கிட்ட வரும். கொஞ்சம் அகலம் ஜாஸ்தி, அதனால அதுல உள்ள போகற எதுவும் வேண்டாம்னு வெச்சுக்கங்க. பாட்டுப் பாடற பொம்மைனா பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கானு பாருங்க. அந்த வட்டமான பட்டன் பேட்டரி தொண்டையில மாட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்துடும், வெளிய ஒண்ணும் தெரியாது. முழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அப்புறம் பழசு குடுக்கறது. ட்ரெஸ், புக், குளிப்பாட்டற டப் எல்லாம் தாராளமா குடுங்க. கார் சீட் மட்டும் பழசு வேண்டாம். ஒரு தடவை விபத்துல மாட்டினதுனா வெளிய நல்லாத் தெரிஞ்சாலும் உள்ள விரிசல் இருக்கலாம், அதுல காலாவதி தேதியும் போட்டிருப்பாங்க. பழைய தொட்டில் கட்டில்னா பக்கவாட்டு கம்பி இறக்கி ஏத்தற டைப்பானு பாருங்க, அந்த டைப்பை அமெரிக்காவுல 2011ல நிறுத்திட்டாங்க. கம்பிக்கு நடுவுல இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலும் வேண்டாம்.


மழைத்துளி:

நைட் ஷிஃப்ட் அக்கா, நடைவண்டி தான் நான் கார்ட்ல போட்டு வெச்சிருந்தேன்! இப்பவே தூக்கிட்டேன். ரொம்ப நன்றி. ஒரு டவுட், பால் பாட்டில் செட் குடுக்கறது சட்டப்படி தப்புனு ஒருத்தங்க சொன்னாங்க, அது உண்மையா? ஆபீஸ் வசூல்ல அதைத் தான் வாங்கலாம்னு பேசிட்டு இருக்காங்க. ஐயா சின்னதா ஏதாவது எடுத்துட்டுப் போகச் சொல்றார், ஆனா அந்த "பரிசு வேண்டாம்" விஷயம் எனக்கு இன்னும் குழப்பமா தான் இருக்கு.


நைட்_ஷிஃப்ட்:

உலக சுகாதார நிறுவனம் 1981ல கொண்டு வந்த ஒரு விதிமுறை இருக்கு, பால் பவுடர், பாட்டில், நிப்பிள் தயாரிக்கறவங்களும் விக்கறவங்களும் கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் இலவச சாம்பிள் கிஃப்ட்னு குடுத்து விளம்பரம் பண்ணக் கூடாதுனு. அது கம்பெனிகளுக்கு. நீங்க ஃப்ரெண்டா குடுக்கறதை அது ஒண்ணும் பண்ணாது. ஆனா சட்டம் இல்லங்கறதுக்காக குடுக்கலாம்னு அர்த்தம் இல்ல. தாய்ப்பால் குடுக்கணும்னு போராடிட்டு இருக்கற ஒருத்தங்க கையில பாட்டில் செட்டை வெச்சா "உன்னால முடியாது"னு சொன்ன மாதிரி இருக்கும். பவுடர் பால் தான் குடுக்கறாங்கன்னா அதுக்கு தனியா காரணம் இருக்கும், அவங்களுக்கு எந்த பாட்டில் ஒத்துக்குதுனு அவங்களுக்கு தான் தெரியும். ரெண்டு பக்கமும் வம்பு, தள்ளியே நில்லுங்க. உங்க கொலீகுக்கு ரெண்டாவது குழந்தை வேற, பாட்டில் எல்லாம் அலமாரியில ஏற்கனவே இருக்கும்.


கீபோர்டு_கந்தசாமி:

ஆபீஸ் வசூல் பத்தி நான் பேசறேன், அஞ்சாறு வருஷமா எங்க டீம்ல அந்த டப்பாவைத் தூக்கிட்டு அலையற பாவி நான் தான்.

பேரோட லிஸ்ட் போடறது அநாகரிகம், அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. டீம்ல ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தர் சம்பளத்துல கால்வாசி இருக்கும், ஒருத்தருக்கு வீட்ல ஆஸ்பத்திரி செலவு இருக்கும், ஒருத்தர் குழந்தைக்காக வருஷக்கணக்கா ட்ரீட்மெண்ட் எடுத்துட்டு இருப்பாங்க, இந்த ஃபங்ஷன் பேச்சே அவங்களுக்கு வலிக்கும். நாங்க பண்றது, ஒரு கவர், ஒரு வாழ்த்து அட்டை, மேஜைக்கு மேஜை சுத்தும், போடறவங்க போடலாம், எவ்வளவுனு யாரும் எழுதறதில்ல, போடாதவங்களும் அட்டையில கையெழுத்து போடுவாங்க. மேனேஜருக்கு விசேஷம்னா வசூலே கிடையாது, கீழ இருந்து மேல காசு போறது நல்லா இருக்காது. மேனேஜர் நினைச்சா கீழ இருக்கறவங்களுக்கு செய்யட்டும்.

"பரிசு வேண்டாம்" விஷயத்துல பழைய பேப்பர் ஐயா கோச்சுக்கக் கூடாது, அதை அப்படியே நம்பிடறது தான் நல்லது. அவங்க அதை எழுதினதுக்கு நூறு காரணம் இருக்கும், வீட்ல இடம் இல்ல, முதல் குழந்தையோடதே பரண்ல கிடக்குது, திருப்பி செய்யற கடமை ஏறிட்டே போறது பிடிக்கல. நீங்க எடுத்துட்டுப் போனா அவங்க சொன்னபடி வெறுங்கையோட வந்தவங்க எல்லாம் அங்க நின்னு நெளிவாங்க. அது தான் பெரிய சங்கடம். மனசு கேக்கலைன்னா கைப்பட நாலு வரி எழுதி ஒரு அட்டை குடுங்க, அட்டையை யாரும் கிஃப்ட் கணக்குல சேக்க மாட்டாங்க. இல்ல ஃபங்ஷன் முடிஞ்சு குழந்தை பிறந்தப்புறம், யாரும் இல்லாதப்போ தனியா போய்க் குடுங்க. அப்போ மூத்த குழந்தைக்கும் ஏதாவது சின்னதா எடுத்துட்டுப் போங்க, வர்றவங்க எல்லாரும் நேரா தொட்டில் கிட்ட போயிடறாங்க, அது பாட்டுக்கு ஒரு ஓரமா நின்னு வேடிக்கை பாத்துட்டு இருக்கும்.


ரெட்டைவால்_அம்மா:

கந்தசாமி சொன்னது 100% கரெக்ட், மூத்த குழந்தை விஷயத்துக்கு தனியா ஒரு கைதட்டல்.

நாத்தனார் பத்தி யாரும் சொல்லலையேன்னு வந்தேன். சிஸ், அவங்க பெருசா செஞ்சதுக்கு நீங்க அதே எடைக்கு செஞ்சே ஆகணும்னா அதுக்கு பேர் கைமாத்து. அவங்க அன்னைக்கு இருந்த வசதியில செஞ்சாங்க, நீங்க இன்னைக்கு இருக்கற வசதியில செய்யறீங்க. கடன் வாங்கி செஞ்சீங்கன்னா அது பின்னாடி அவங்களுக்கே தெரிய வரும், அப்ப அவங்களுக்கு தான் வருத்தமா இருக்கும். வசதி வந்தப்புறம் ஸ்கூல் சேக்கறப்போ செய்யலாம், அந்தப் பொண்ணு வளந்து நிக்கறப்போ செய்யலாம், நாத்தனார் உறவு என்ன இந்த பிறந்தநாளோட முடிஞ்சுடவா போகுது?

கவர்ல பணம் வெக்கறது தப்பே இல்ல, வீட்டுக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா வெறும் கவரை நீட்டினா அவங்க பிரிச்சு எண்ணறப்போ அன்னைக்கு அவங்க செஞ்சதோட கம்பேர் ஆகும், எண்ணுக்கு எண்ணு பாக்கறது மனுஷ புத்தி. அதனால பொருளா குடுங்க, விலை தெரியாத பொருளா. ஒரு வயசுக் குழந்தைக்கு நல்ல கெட்டி அட்டை புக் நாலஞ்சு, முதல் பக்கத்துல "அத்தை மாமா ஆசீர்வாதத்தோட"னு எழுதி தேதி போட்டுக் குடுங்க. இல்லைன்னா என் ஃபேவரிட், ஒரு நாள் முழுக்க குழந்தையை நீங்க வெச்சுக்கறேன்னு சொல்லுங்க, அவங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வரட்டும். ஒரு வயசுக் குழந்தை வெச்சிருக்கற அம்மாவுக்கு அதுக்கு மேல எதுவும் கிடையாது. "எப்ப வேணா சொல்லு பாத்துக்கறேன்"னு பொத்தாம் பொதுவா சொல்லாதீங்க, வர்ற சனிக்கிழமை காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்னு நாள் குறிச்சு சொல்லுங்க.


பழைய_பேப்பர்:

சரி, "பரிசு வேண்டாம்" விஷயத்துல அந்த நெளியறவங்களை நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா லிஸ்ட் விஷயத்துல விட்டுக் குடுக்க மாட்டேன். லிஸ்ட் கேட்டா அனுப்பட்டும், கேக்காம இன்விடேஷனோட சேத்து அனுப்பறது எனக்கு இன்னும் பிடிக்கல.

ஒரு சந்தேகம் எனக்கும் இருக்கு. ஒருத்தர் குடுத்ததை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கலாமா? வீட்ல பிரிக்காத டப்பா நிறைய இருக்கு.


புள்ளிவிவரம்:

தாராளமா குடுங்க ஐயா. 2012ல அதையும் ஆராய்ச்சி பண்ணிட்டாங்க (ஆமா, அதே ஆடம்ஸும் ஃப்ளின்னும், கூட நார்ட்டன்னு ஒருத்தர்). மாத்திக் குடுக்கறவங்க "அவருக்கு தெரிஞ்சா எவ்ளோ வருத்தப்படுவார்"னு பயப்படறாங்க, நிஜத்துல முதல்ல குடுத்தவர் அந்த அளவுக்கு கண்டுக்கறதே இல்ல, குப்பையில போடறதை விட இது எவ்வளவோ மேல்னு தான் நினைக்கறார். ஆனா குழந்தை சாமான்னா அக்கா சொன்ன மாதிரி தேதி, வயசு அளவு பாத்துட்டு குடுங்க, அப்புறம் உள்ள பழைய பேர் எழுதின அட்டை இருக்கானு நல்லா தேடிட்டு குடுங்க!


ஏழாம்மாசம்:

மழைத்துளி, உங்க ஃப்ரெண்ட் விஷயத்தை எல்லாரும் கடைசிக்கு தள்ளிட்டாங்க, எனக்கு அது தான் முதல்ல கண்ணுல பட்டுது. என் பொண்ணு 29 வாரத்துல பிறந்தா. இப்ப ஸ்கூல் போறா.

வாழ்த்து சொல்லுங்க. கண்டிப்பா சொல்லுங்க. அந்த சமயத்துல எல்லாரும் துக்கம் விசாரிக்கற குரல்லயே பேசினாங்க, குழந்தை பிறந்திருக்குனு யாருமே சந்தோஷப்படலங்கறது அவ்ளோ வலிச்சுது. "பாப்பா வந்துட்டாளா, பேர் என்ன வெச்சிருக்கீங்க, உன்னை மாதிரி இருக்காளா"னு ஒருத்தி கேட்டா, இன்னைக்கு வரைக்கும் அவளை மறக்கல. "எடை எவ்வளவு, டாக்டர் என்ன சொல்றார், எப்ப டிஸ்சார்ஜ்"னு தினமும் கேக்காதீங்க, பதில் அவங்களுக்கே தெரியாது. "எங்க சித்தி பொண்ணுக்கும் இப்படித் தான் ஆச்சு"னு கதை சொல்றது, நல்ல முடிவா இருந்தாலும், வேண்டாம்.

பொருள்னா, சாதாரண குழந்தை ட்ரெஸ் எல்லாம் இப்ப அனுப்பாதீங்க. குழந்தைக்கு அதெல்லாம் தொளதொளன்னு இருக்கும், ஒயர் மாட்டியிருக்கறதால ஆஸ்பத்திரியில எதைப் போட விடறாங்கங்கறது இடத்துக்கு இடம் மாறும். பூ, பெரிய பொம்மை எல்லாம் அந்த வார்டுக்குள்ள பெரும்பாலும் விட மாட்டாங்க. அம்மாவுக்கு குடுங்க. முன்பக்கம் முழுசா திறக்கற மாதிரி மெல்லிசான சட்டை ரெண்டு, ஏன்னா குழந்தையை நெஞ்சோட நெஞ்சா வெச்சுக்கற கங்காரு பராமரிப்பு பண்ணுவாங்க, மணிக்கணக்கா அப்படியே உக்காந்திருக்கணும். (உலக சுகாதார நிறுவனமே 2022ல இதைப் பிறந்த உடனேயே ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க, இன்குபேட்டர்ல வெச்சு தேறின அப்புறம் தான்னு காத்திருக்க வேண்டாம்னு.) உள்ள போறப்போ எல்லாம் கை கழுவிக் கழுவி தோல் வெடிச்சு ரத்தமே வரும், வாசனை இல்லாத நல்ல ஹேண்ட் க்ரீம் ஒண்ணு. நீளமான வயர் உள்ள சார்ஜர். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையற வண்டிச் செலவு. கழுவித் திருப்பித் தர வேண்டாத டப்பாவுல சமைச்ச சாப்பாடு.

குழந்தை வீட்டுக்கு வந்தப்புறம் ட்ரெஸ் வாங்கிக்கலாம், அப்பவும் பிறந்த தேதியில இருந்து கணக்கு போடாம சைஸ் கேட்டு வாங்குங்க. பிறந்திருக்க வேண்டிய தேதியில இருந்து எண்ணி தான் வளர்ச்சியைப் பாப்பாங்க, அதனால முதல் பிறந்தநாள்ல "இன்னும் நடக்கலையா"னு தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க.


நைட்_ஷிஃப்ட்:

ஏழாம்மாசம் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், இது மூணு வீட்டுக்கும் பொருந்தும். சளி, இருமல், உதட்டோரம் கொப்புளம் இருந்தா போகவே போகாதீங்க, அந்த உதட்டுக் கொப்புளத்தோட முத்தம் குடுத்தா புதுசா பிறந்த குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. அடிக்கடி போய்த் தூக்கப் போறவங்கன்னா கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டு ரெண்டு வாரம் ஆகியிருக்கணும். சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க. சொல்லாம போகாதீங்க.


மழைத்துளி:

ஏழாம்மாசம் அக்கா, உங்க பதிலைப் படிச்சு கொஞ்ச நேரம் அழுதுட்டேன். அவளுக்கு இப்படி அனுப்பலாம்னு இருக்கேன், சரியா இருக்கா பாருங்க: "வாழ்த்துகள்டி, அம்மா ஆயிட்ட! பாப்பா பேர் சொல்லு. செவ்வாய், வெள்ளி ராத்திரி சாப்பாடு ஆஸ்பத்திரி வாசல்ல குடுத்துட்டுப் போறேன், நீ கீழ வரக்கூட வேண்டாம், அண்ணன் கிட்ட குடுக்கறேன். பதில் போட நேரம் இல்லைன்னா விட்டுடு."

ஆபீஸ் லிஸ்ட்டை எடுக்கச் சொல்லி அவர் கிட்ட தனியா பேசிட்டேன், முகம் ஒரு மாதிரி ஆச்சு ஆனா எடுத்துட்டார். நாத்தனார் கிட்ட சனிக்கிழமை கேட்டுருக்கேன், இன்னும் பதில் வரல.


ஏழாம்மாசம்:

ரொம்ப நல்லா இருக்கு. "பதில் போட நேரம் இல்லைன்னா விட்டுடு"ங்கறதை அப்படியே வைங்க, அதை எடுத்துடாதீங்க. நன்றி சொல்லி மெசேஜ் வரலையேன்னு பின்னாடி நினைக்காதீங்க, நான் சிலருக்கு பொண்ணு உக்கார ஆரம்பிச்சப்புறம் தான் நன்றியே சொன்னேன். பாப்பா போட்டோ அனுப்பினா உங்களோடயே வெச்சுக்கங்க, அவங்களா போடற வரைக்கும் ஸ்டேட்டஸ் குரூப்னு எங்கயும் போட வேண்டாம். சாப்பாட்டுல காரம் கம்மியா போடுங்க, அவங்களுக்கு என்ன ஒத்துக்கும்னு அண்ணன் கிட்ட கேட்டுக்கங்க.